உழாத வயல், பச்சை ஏரி: ஏரும் எருவும் தண்ணீரை என்ன செய்கின்றன?

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலீடோ நகரத்து மக்கள் கண் விழிக்கும்போதே ஓர் எச்சரிக்கை காத்திருந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நஞ்சு பாத்திரத்திலேயே தங்கும். மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மூன்று நாள் பாட்டில் தண்ணீரை நம்பி இருந்தார்கள். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற பாதுகாப்பு வரம்பைத் தாண்டி, சுத்திகரித்த தண்ணீரிலேயே வந்துவிட்டது.

அந்தப் பாசிக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், தடம் வயல்களுக்குப் போகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பகுதியில் 1980களிலிருந்தே நிறைய விவசாயிகள் உழவைக் குறைத்துவிட்டார்கள். மண் அரிப்பு நிற்க வேண்டும், ஏரி பிழைக்க வேண்டும் என்று அதிகாரிகளும் ஆய்வாளர்களும் சொல்லித்தான் அதைச் செய்தார்கள். மண் அரிப்பும் குறைந்தது. ஆனால் பாசி திரும்பி வந்தது.

அப்படியானால் உழாமல் விட்டது தப்பா, எரு போட்டது தப்பா? ஒரே சொல்லில் பதில் சொல்ல வருகிற யாரையும் நம்ப வேண்டாம். தண்ணீர் வயலை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது, அது வெளியேறும் நேரத்தில் சத்து மண்ணில் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை பிடிபடும்.

முதலில் அடிப்படை

பயிருக்கு வேண்டிய பெரிய சத்துகளில் இரண்டு இங்கே முக்கியம். தழைச்சத்து என்பது நைட்ரஜன், மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

தழைச்சத்து மண்ணில் கடைசியில் பெரும்பாலும் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் கீழே இறங்கினால் கூடவே இறங்கும். அதனால் கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் பெரிய ஆபத்து நைட்ரேட்தான்.

மணிச்சத்து அப்படியில்லை, மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நன்னீர் ஏரிகளில் பாசியின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது பெரும்பாலும் இந்தச் சத்தின் பற்றாக்குறைதான். அது ஏரிக்கு இரண்டு வடிவில் வருகிறது. ஒன்று, மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வருவது. இதில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் பாசிக்குப் பயன்படும்; மற்றது வண்டலாக அடியில் படியும். இன்னொன்று, தண்ணீரில் கரைந்து வருவது. இது கிட்டத்தட்ட முழுவதும் பாசியின் வாய்க்கே போகும்.

கிலோவில் எடை ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டும் ஒன்றல்ல. ஈரி ஏரியில் நடந்த தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஈரி ஏரியின் முன்கதை

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. அதிலும் அதன் மேற்குப் பகுதி சராசரியாக ஏழு, ஏழரை மீட்டர்தான். வெயில் பட்டால் சீக்கிரம் சூடேறும். அந்த ஆழமில்லாத பகுதியில்தான் மௌமீ ஆறு வந்து விழுகிறது. இந்தியானா, மிச்சிகன், ஒஹாயோ என்று மூன்று மாநிலங்களின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு அது. அதன் நீர்ப்பிடிப்பு சுமார் 17,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலம்.

1960களில் இந்த ஏரி செத்துவிட்டது என்றே பேசினார்கள். அப்போது முக்கியக் காரணம் நகரத்துச் சாக்கடையும் சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டும். 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. சாக்கடை நீரைச் சுத்திகரித்தார்கள், சலவைத்தூளிலிருந்து பாஸ்பேட்டை நீக்கினார்கள். முழு ஏரிக்கும் ஆண்டுக்கு 11,000 டன் மணிச்சத்துக்கு மேல் வரக்கூடாது என்று ஓர் அளவும் வைத்தார்கள். 1980களில் ஏரி தேறியது, மீன் திரும்பியது. ஒரு பெரிய ஏரியை மனிதர்கள் கெடுத்து, பிறகு மனிதர்களே மீட்ட அரிய கதை அது. மீண்டும் கெட்டது மனதை வருத்துவது அதனால்தான்.

சாக்கடையைப் போல வயலை ஒரு குழாயின் வாயில் நின்று சுத்திகரிக்க முடியாது. அதனால் அடுத்த படியாக, வயலிலிருந்து மண் கரைந்து போவதைத் தடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். உழவைக் குறைக்கும் முயற்சி அப்படித்தான் பரவியது.

சத்து வயலை விட்டுப் போகும் வழிகள்

1. மேலே ஓடும் வழி. மழை மண்ணில் இறங்கும் வேகத்தை விடக் கூடுதலாகப் பெய்தால் தண்ணீர் மேலாக ஓடுகிறது. உழுது புழுதியாகக் கிடக்கும் நிலத்தில் ஒவ்வொரு மழைத்துளியும் மண்ணைத் தெறிக்க வைக்கும். அந்த மண்ணோடு, அதில் ஒட்டிய மணிச்சத்தும் போகும். ஓடை செம்மண் நிறத்தில் கலங்கி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். உழாமல், போன பயிரின் தட்டையும் சருகும் மூடிக் கிடக்கும் நிலத்தில் இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

2. கீழே இறங்கும் வழி. தண்ணீர் மண்ணுக்குள் ஊறி நிலத்தடி நீரைச் சேருகிறது. நைட்ரேட்டுக்கு இதுதான் ராஜபாட்டை.

3. புதைகுழாய் வழி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். மௌமீ ஆற்றுப் பகுதியில் ஒரு பங்கு முன்பு பெருங்கருஞ்சதுப்பு என்று அழைக்கப்பட்ட களிமண் சதுப்பு நிலம். 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் அதை வடித்து வயலாக்கினார்கள். அன்று சுட்ட களிமண் குழாய், இன்று துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். மண்ணுக்கடியில் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அதிகப்படி ஈரம் அதில் வடிந்து நேராக வாய்க்காலில் விழும். வேர் அழுகாமல் பயிர் நிற்பது இந்தக் குழாய்களால்தான். ஆனால் ஊறிப் போகும் தண்ணீருக்கு அவை ஒரு குறுக்கு வழியும்கூட.

உழவை நிறுத்தியதும் என்ன ஆனது?

உழுவதில் ஒரு வேலையை நாம் கவனிப்பதில்லை. கலப்பை மண்ணைப் புரட்டும்போது மேலே போட்ட உரத்தையும் எருவையும் அடிமண்ணோடு கலந்துவிடுகிறது. உழவை நிறுத்தினால் அந்தக் கலத்தலும் நின்றுவிடும்.

ஒஹாயோவில் அறுவடை முடிந்த பிறகு, அடுத்த பருவத்துக்கான உரத்தை வயலின் மேலே வீசிவிட்டுப் போவது பெருவழக்கம். டிஏபி போன்ற மணிச்சத்து உரம் அப்படி ஆண்டுதோறும் மேலே விழுந்தது. மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளதால் கீழே இறங்கவில்லை. மேல் ஐந்து சென்டிமீட்டரில் ஏடு போலத் தேங்கியது. மண் பரிசோதனைக்கு 20 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, கலந்து அனுப்புவார்கள். அந்தச் சராசரியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், மேலே உள்ள ஏடு மறைந்துவிடும். மழைத்தண்ணீருக்குச் சராசரி தெரியாது. அது முதலில் தொடுவது அந்த ஏட்டைத்தான்.

அப்புறம் மண்புழு. உழாத நிலத்தில் மண்புழு பெருகும், அது நல்லதுதான். ஆனால் அங்குள்ள பெரிய வகை மண்புழு பக்கவாட்டில் அலைவதில்லை. பென்சில் கனத்தில் செங்குத்தாக வளை தோண்டி ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கலப்பை படாத நிலத்தில் அந்த வளை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். கோடையில் களிமண் வெடித்த வெடிப்புகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு நல்ல மழையில் மேல் ஏட்டைத் தொட்டுக் கரைத்த தண்ணீர், மண்ணில் மெல்ல ஊறாமல், வளை வழியாகச் சரசரவென்று இறங்கிப் புதைகுழாயைத் தொட்டுவிடுகிறது. இடையில் உள்ள மண் அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. குழாயின் வாயில் விழும் தண்ணீர் கலங்கலே இல்லாமல் தெளிவாக இருக்கும். அதில் கரைந்த மணிச்சத்து கண்ணுக்குத் தெரியாது.

ஒஹாயோவின் டிஃபின் ஊரில் உள்ள ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1970களிலிருந்தே இந்த ஆறுகளின் தண்ணீரை விடாமல் சோதித்து வருகிறது. மண்ணோடு ஒட்டி வருவது குறைந்ததும், 1990களின் நடுவிலிருந்து கரைந்து வருவது கூடியதும் அந்த நீண்ட பதிவில்தான் தெரிய வந்தது. ஐம்பது ஆண்டு பொறுமையாகத் தண்ணீர் எடுத்து வைத்த அந்த ஆய்வகம் இல்லையென்றால், காரணம் தெரியாமலேயே ஏரி பச்சையாகி இருக்கும்.

பழியை உழாத நிலத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. புதைகுழாய்கள் நெருக்கமாயின, வசந்தகால மழை கொட்டித் தீர்ப்பதாக மாறியது, ஏரிக்குள் அந்நிய சிப்பி இனங்கள் புகுந்தன. எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. உழவை நிறுத்தியதை விட, உழவை நிறுத்திய பிறகும் உரத்தை மேலே வீசிக்கொண்டே இருந்ததுதான் பெரிய பிழை என்று நினைக்கிறேன். பாதி மாற்றத்தைச் செய்து மறுபாதியை விட்டுவிட்டார்கள்.

எருவில் உள்ள கணக்கு

எரு இயற்கையானது, ஆகவே தண்ணீருக்குக் கெடுதல் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீரில் கரைந்த பிறகு மணிச்சத்து சாணத்திலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று பாசி பார்ப்பதில்லை. எரு மண்ணுக்குச் செய்யும் நன்மையை வேறு எதுவும் செய்ய முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் அதன் விகிதத்தில் இருக்கிறது.

ஓர் எளிய கணக்கு. மக்காச்சோளப் பயிர் ஒரு பங்கு மணிச்சத்தை எடுக்கும்போது ஐந்து, ஆறு பங்கு தழைச்சத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோழி எருவில் ஒரு பங்கு மணிச்சத்துக்குச் சுமார் இரண்டு பங்குதான் தழைச்சத்து. பயிருக்கு 100 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று அதை முழுக்கக் கோழி எருவிலேயே கொடுத்தால் கூடவே 50 கிலோ மணிச்சத்து விழும். பயிர் எடுப்பது 20 கிலோ. மீதி 30 கிலோ மண்ணிலேயே கிடக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு 30. மாட்டெருவில் இந்த இடைவெளி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

பண்ணைகள் பெரிதாகும்போது இது முற்றுகிறது. ஆயிரக்கணக்கில் மாடும் பன்றியும் ஒரே இடத்தில் நின்றால் கழிவைக் குழம்பாகத் தொட்டியில் தேக்குவார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர், கனமான சரக்கு. தூரத்து வயலுக்கு ஏற்றிப் போனால் வண்டிக் கூலி கட்டாது. ஆகவே பக்கத்து வயல்களிலேயே திரும்பத் திரும்ப விழுகிறது. நம் ஊரில் கிடை அடைக்கும்போது ஆடுகள் இன்று ஒரு வயல், நாளை அடுத்த வயல் என்று நகர்ந்து போகும், எருவும் நகரும். தொட்டி எருவுக்குக் கால் இல்லை.

இந்தச் சாணிக் குழம்பும் மண்புழு வளையும் சந்திக்கும் இடம்தான் ஏரும் எருவும் நேராகக் கைகோக்கும் இடம். உழாத வயலில் குழம்பை ஊற்றினால், மழையே இல்லாமல்கூட அது வளைகள் வழியாக இறங்கிக் குழாய் வாயில் பழுப்பாக ஒழுகுவது உண்டு. அதனால்தான், புதைகுழாய் உள்ள நிலத்தில் குழம்பு எரு போடும் முன் மேலாக ஓர் உழவு ஓட்டி வளைகளின் வாயை அடைத்துவிடுங்கள் என்று அங்கே அறிவுரை சொல்கிறார்கள். உழாதே என்று ஒரு பக்கம், கொஞ்சம் உழு என்று இன்னொரு பக்கம். முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் இரண்டும் வெவ்வேறு வழிகளை அடைக்கும் வேலை.

மௌமீ பகுதியில் விற்பனை உரமும் நிறைய விழுகிறது. பண்ணை எருவின் பங்கு எவ்வளவு என்பதில் விவசாய அமைப்புகளுக்கும் சூழல் அமைப்புகளுக்கும் சண்டை ஓயவில்லை.

எப்போது போடுகிறோம்?

எருவில் கரையக்கூடிய மணிச்சத்து போட்ட முதல் சில நாட்களில்தான் அதிகம் வெளியேறும். நாள் போகப் போக மண் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக, எரு போட்ட பின் பெய்யும் முதல் மழைதான் பெரும் பங்கை எடுத்துப் போகும். போட்ட மறுநாளே மழை வந்தால் விவசாயிக்கும் நட்டம், ஏரிக்கும் நட்டம்.

குளிர்நாட்டில் இதை விட மோசமான ஒரு நேரம் உண்டு. மண் உறைந்து பாறை போல் கிடக்கும்போது, தொட்டி நிரம்பிவிட்டது என்று பனியின் மேலேயே எருவைப் பரப்பினால், பனி உருகும் தண்ணீர் மண்ணுக்குள் போக வழியின்றி எருவோடு ஓடும். 2014-ன் அதிர்ச்சிக்குப் பிறகு, 2015-ல் ஒஹாயோ சட்டம் கொண்டுவந்தது: ஏரியின் மேற்கு நீர்ப்பிடிப்பில் உறைந்த நிலத்திலும், பனி மூடிய நிலத்திலும், நீர் தெவிட்டிய நிலத்திலும் எரு போடக்கூடாது, பெருமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அப்போதும் கூடாது.

இரண்டு மூன்று கைப்பிடி

எவ்வளவு கசிந்தால் ஏரி கெடும்? 2016-ல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட இலக்கின்படி, மார்ச் முதல் ஜூலை வரை மௌமீ ஆற்றில் கரைந்த மணிச்சத்து 186 டன்னைத் தாண்டக்கூடாது. 2008-ல் வந்ததை விட 40 சதவீதம் குறைவான அளவு அது. 186 டன் என்றால் பெரிதாகத் தெரியும். நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஏக்கராக்கினால் சுமார் 42 லட்சம் ஏக்கர். பங்கிட்டால் ஏக்கருக்குச் சுமார் 44 கிராம். டிஏபி உரத்தில் மணிச்சத்து ஐந்தில் ஒரு பங்கு என்பதால், ஏக்கருக்கு ஏறக்குறைய 220 கிராம் டிஏபி. இரண்டு மூன்று கைப்பிடி.

விவசாயியின் வரவு செலவில் அது ஒரு காசுக்கும் கணக்கில்லை, ஏரிக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே விவசாயி உரத்தை அள்ளி இறைக்கிறார் என்று குற்றம் சொல்வது தவறு. கவனமாக விவசாயம் செய்பவரின் வயலிலிருந்தும் இந்த அளவு கசியும்.

நைட்ரேட்: யாழ்ப்பாணத்துக் கிணறுகள்

மணிச்சத்தின் வழி ஈரி ஏரி என்றால், தழைச்சத்தின் வழியைக் காட்டுவது யாழ்ப்பாணக் குடாநாடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மாரி மழை செம்மண்ணில் இறங்கி, அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளில் தேங்குகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அதே தண்ணீர்தான். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று நெருக்கமாகப் பயிர் செய்யும் இடங்களில் மாட்டெரு, குழை (பச்சைத் தழை), யூரியா எல்லாம் தாராளமாகப் போடுவார்கள். பயிர் எடுக்காத தழைச்சத்து அடுத்த மாரியில் நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். மலசலகூடக் குழிகளும் சேர்ந்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே பல.

கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். இங்கேயும் கொதிக்க வைப்பது உதவாது.

கிணற்றில் சேர்ந்துவிட்ட இந்தத் தழைச்சத்தை உரக் கணக்கில் வரவு வைப்பதில்லை. 50 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரை ஓர் ஏக்கருக்கு ஒரு பருவத்தில் 20 லட்சம் லிட்டர் இறைத்தால், கூடவே சுமார் 22 கிலோ தழைச்சத்து வயலில் விழுகிறது. ஒரு 50 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம். அந்த மூட்டையைக் குறைத்தால் செலவும் மிச்சம், கிணறும் தேறும்.

உழவுக்கும் இதில் பங்குண்டு. மண்ணைக் கிளறினால் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள மக்கு வேகமாகச் சிதைந்து நைட்ரேட்டை விடும். பயிர் இல்லாத வெறும் நிலத்தை மழைக்கு முன் உழுது போட்டால், அந்த நைட்ரேட்டை எடுக்க வேர் இருக்காது.

எது வேலை செய்கிறது?

1. மேலே வீசாமல் உள்ளே வைப்பது. விதைக்கும்போதே விதைக்குப் பக்கத்தில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் உரத்தைப் பட்டையாக இடலாம்; குழம்பு எருவை மண்ணுக்குள் கீறிச் செலுத்தும் கருவியும் இருக்கிறது. மண்ணைப் புரட்டாமலேயே சத்து மழைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். எனக்கு இதுதான் முதல் மருந்தாகத் தெரிகிறது. கருவிக்குப் பணமும் விதைப்புக் காலத்தில் கூடுதல் நேரமும் ஆகும், தயக்கம் அதனால்தான்.

2. மணிச்சத்தை வைத்து எருவின் அளவை முடிவு செய்வது. தழைச்சத்தில் குறைவதை மேலுரமாகப் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

3. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் மூடுபயிர். நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில் இது கெட்டிக்காரத்தனமான வழி; கரைந்த மணிச்சத்தில் அவ்வளவு பலன் இல்லை.

4. புதைகுழாய் வாயில் மடை வைத்து, பயிர் இல்லாத மாதங்களில் தண்ணீரைத் தேக்கி வைப்பது. வாய்க்கால் ஓரத்தில் சதுப்பு நிலத்தை மீட்பது.

இவற்றைச் செய்யும் விவசாயிகளுக்குப் பணம் தர ஒஹாயோ 2019-ல் எச்2ஒஹாயோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பலன் மெதுவாகத்தான் வரும். பல பத்தாண்டுகளாக மண்ணில் சேர்ந்த மணிச்சத்து, இன்று உரத்தை நிறுத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

பழைய சேமிப்புதான் முழுக் காரணம், இனி செய்ய ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. 2019 வசந்தத்தில் மௌமீ பகுதியில் விடாமல் மழை. வயலில் டிராக்டர் இறங்க முடியவில்லை, நிறைய நிலம் விதைக்காமலே கிடந்தது, வழக்கமான உரமும் எருவும் போடப்படவில்லை. ஆறு நிறைந்து ஓடிய அந்தப் பருவத்தில், அவ்வளவு தண்ணீருக்கு எதிர்பார்த்ததை விடக் கரைந்த மணிச்சத்து குறைவாகவே வந்தது. அந்த ஆண்டு போடாமல் விட்டது அந்த ஆண்டே தண்ணீரில் தெரிந்தது. ஆனால் பழைய சேமிப்பும் இருந்ததால் அந்தக் கோடையிலும் ஏரியில் பாசி பெரிதாகவே படர்ந்தது.